பழைய வளவுக்குப் போகுமுன்



ஆடியும் ஆவணியும் வந்துவிட்டால் எங்கள் பங்குகளிலே புதிய முகங்கள் தோன்றும். ஞாயிறு திருப்பலியில் பின்வரிசை வாங்கிலே, எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் பக்கத்தில் பார்த்துப் பார்த்துச் செய்கின்ற பிள்ளைகள் இருப்பார்கள். அருகில் நின்று மெல்லக் கையைத் தொட்டுச் சொல்லிக் கொடுக்கும் தாய் தந்தையர், இதே கோவிலில் புதுநன்மை வாங்கியவர்களாய் இருப்பார்கள். கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, லண்டன் என்று சிதறிப்போன நம்மவர்கள், ஆவணி 15ஆம் திகதி மடுத் திருநாளை ஒட்டி விடுமுறையெடுத்து வருகிறார்கள். மடுமாதாவிடம் போய்வந்த பின்னர், அவர்களுடைய அடுத்த பயணம் பெரும்பாலும் பழைய வீட்டுக்குத்தான். வான் ஒன்றைப் பிடித்து, வயது சென்ற தாயை முன்னாசனத்தில் இருத்தி, பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, தாங்கள் பிறந்து வளர்ந்த வளவைத் தேடிப் போகிறார்கள்.

அந்தப் பயணத்தைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். அங்கிருந்து பலர் அழுத கண்ணோடு திரும்புகிறார்கள். சிலர் சண்டையோடு திரும்புகிறார்கள். செபத்தோடு திரும்புகிறவர்கள் மிகக் குறைவு. முதல் இரண்டு கூட்டத்திலும் நானே இருந்திருக்கிறேன். ஆகையால் மேலே நின்று போதிப்பதற்காக அல்ல, பக்கத்தில் நின்று சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

கிணற்றுக்கட்டில் ஒரு சிலுவை

வலிகாமம் வடக்கின் கரையோரக் கிராமம் ஒன்று எங்களுடையது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது ஊர் முழுவதும் எழுந்து நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. “ரண்டு கிழமையிலை திரும்பியிடலாம்” என்று சொல்லி அப்பா கதவைப் பூட்டினார். முதலில் ஒரு பாடசாலை, பிறகு உறவினர் வீடு, 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் எல்லோரோடும் சேர்ந்து தென்மராட்சி என்று எங்கள் வீடுகள் மாறிக்கொண்டே போயின. மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த காணிகளும் விடுவிக்கப்பட்டது 2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில். எங்கள் ஒழுங்கைக்கு வழி திறந்தது அதற்கும் பிறகுதான். அப்பா சொன்ன இரண்டு கிழமை இருபத்தெட்டு ஆண்டுகளாயிற்று. அதைப் பார்க்க அப்பா இருக்கவில்லை.

அண்ணை கனடாவிலிருந்து மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தபோது, அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனோம். ஒழுங்கையே தெரியவில்லை. ஆள் உயரத்துக்கு விளாத்தியும் நாயுருவியும் பற்றைகளும். நாங்கள் பிள்ளைகள் மூவரும் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டிக்கொண்டு நின்றோம். அம்மா மாத்திரம் வீட்டைத் தேடவில்லை, கிணற்றைத் தேடினார். “கிணறு ஓடாது, அதைப் பிடிச்சால் வீட்டைப் பிடிக்கலாம்” என்றார். அப்படியே நடந்தது. கல்லும் மண்ணும் போட்டு மூடப்பட்டுக் கிடந்த கிணற்றின் கட்டு ஒரு பக்கம் தப்பியிருந்தது. அதிலே, சீமெந்து காயுமுன் அப்பா விரலால் கீறிய சிறிய சிலுவையும் இருந்தது. அங்கிருந்து இருபது அடி நடந்து அம்மா ஓரிடத்தில் நின்று, “இதுதான் குசினி” என்றார். கூரையில்லை, கதவு நிலையில்லை, சுவரும் முழங்கால் உயரம்தான். ஆனாலும் அது குசினிதான்.

கனடாவில் பிறந்த மருமகன் என்னிடம், “சுவாமி மாமா, இதுதானா வீடு? இதுக்கா அப்பா இவ்வளவு கதை சொன்னவர்?” என்று கேட்டான். எனக்கு மறுமொழி வரவில்லை.

அதற்குள் அண்ணையின் குரல் உயர்ந்தது. அந்தக் கிணறு பங்குக் கிணறு. எங்களுக்கும் அயல் வீட்டாருக்கும் பொது. எங்களுக்கு முன்னரே ஊருக்குத் திரும்பித் தகரக் கொட்டிலில் இருந்த அயல் வீட்டார், புதிதாகக் கம்பி வேலி அடைத்திருந்தார்கள். கிணற்றுக்குப் போகும் பொதுவழியில் இரண்டு முழம் அவர்கள் பக்கம் போயிருந்தது. அண்ணை உறுதியின் பிரதியைக் கையில் எடுத்துவிட்டார். அயல்வீட்டு மகன் மண்வெட்டியோடு வந்து நின்றான். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? அங்கியோடு நின்ற நானும், உறுதியில் எந்த வரியில் வழிவாய்க்கால் எழுதப்பட்டிருக்கிறது என்று அண்ணைக்கு விரலால் காட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது அம்மா குசினியிலிருந்தபடியே சொன்னார்: “அண்டைக்கு இவன்ரை தேப்பன் தன்ரை மூட்டை முடிச்செல்லாம் இறக்கிப்போட்டு, நடக்கேலாத உங்கடை ஆச்சியை வண்டிலிலை ஏத்தினவர். அவையின்ரை சாமான் எல்லாம் இஞ்சைதான் கிடந்து போச்சு. அதுக்கு எத்தினை முழம் குடுத்தனியள்?”

ஒருவரும் பேசவில்லை. அண்ணை உறுதியை மடித்தார். சற்று நேரத்தில் அந்தத் தகப்பனார் தடியூன்றி வந்தார். கண் பார்வை மங்கிவிட்டது. அம்மாவைக் குரலில்தான் அறிந்தார். இருவரும் கிணற்றுக்கட்டில் இருந்து, இறந்துபோனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார்கள்.

வேலி நகர்ந்ததா என்று அறிய விரும்புவீர்கள். ஒரு முழம் நகர்ந்தது. மற்ற முழத்தை நாங்கள் விட்டுவிட்டோம்.

யாக்கோபு குடும்பத்தோடு திரும்பிய நாள்

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆதியாகமத்தை எடுத்து யாக்கோபின் கதையை மீண்டும் வாசித்தேன். குருமடத்தில் பரீட்சைக்காகப் படித்த அதிகாரங்கள்தாம். ஆனால் அன்று அவை எங்கள் வீட்டுக் கதையாகத் தெரிந்தன.

தமையன் ஏசாவை ஏமாற்றி ஆசீரைப் பறித்துக்கொண்டு யாக்கோபு வீட்டை விட்டு ஓடுகிறார். வழியிலே இருட்டிவிடுகிறது. ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுக்கிறார். கனவிலே வானத்துக்கும் பூமிக்கும் இடையே ஏணியைக் காண்கிறார். விடிந்ததும் அந்தக் கல்லை நிமிர்த்தி, எண்ணெய் வார்த்து, அவ்விடத்துக்குப் பெத்தேல் என்று பெயரிடுகிறார். கடவுளின் வீடு என்பது அதன் பொருள். இறைவன் தன்னைச் சுகமாய்த் திரும்பச் செய்தால் அவரையே தன் கடவுளாகக் கொள்வதாகப் பொருத்தனையும் செய்கிறார். ஓர் அகதி இளைஞனின் பொருத்தனை அது. நம்மில் எத்தனை பேர் 1990இலும் 1995இலும் வள்ளத்திலும் வண்டிலிலும் இருந்துகொண்டு இப்படிப் பொருத்தனை செய்தோம்!

பிறகு என்ன நடக்கிறது? மாமன் லாபானிடம் இருபது ஆண்டுகள் உழைக்கிறார். மனைவியர், பிள்ளைகள், மந்தைகள் என்று பெருகுகிறார். நாடு திரும்பும்போது ஏசாவின் முன் ஏழு தரம் தரையில் வணங்கி, அழுது, ஒப்புரவாகிறார். ஆனால் பெத்தேலுக்கு அவர் உடனே போகவில்லை. சுக்கோத்தில் வீடு கட்டுகிறார். சிக்கேமில் காணி வாங்குகிறார். பொருத்தனை பின்னால் தள்ளிப்போகிறது. சிக்கேமிலே மகளுக்கு நேர்ந்த கொடுமையாலும் மக்கள் எடுத்த பழியாலும் குடும்பமே நடுங்கிய பிறகு, இறைவன் மீண்டும் பேசுகிறார்: எழுந்து பெத்தேலுக்குப் போ, அங்கே ஒரு பலிபீடம் கட்டு என்கிறார்.

அடுத்து யாக்கோபு செய்ததைத்தான் நாம் கவனிக்கவேண்டும். பயணத்துக்கு முன் தம் வீட்டார் அனைவரையும் கூட்டி, உங்களிடம் உள்ள அந்நிய தெய்வங்களை அகற்றுங்கள், உங்களைத் தூய்மைப்படுத்தி உடைகளை மாற்றுங்கள் என்று சொல்கிறார். அவர்களும் சிலைகளையும் காதணிகளையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவற்றைச் சிக்கேமுக்கு அருகே நின்ற கருவாலி மரத்தடியில் புதைத்துவிட்டுத்தான் புறப்படுகிறார்கள்.

கூடாரத்துக்குள் மறைத்து வைத்தவை

யாக்கோபின் குடும்பத்திலே அந்நிய தெய்வங்கள் எப்படி வந்தன? சில அதிகாரங்களுக்கு முன்னே ஒரு விடை இருக்கிறது. லாபானின் வீட்டை விட்டு வரும்போது ராகேல் தன் தகப்பனின் குலதெய்வச் சிலைகளைக் களவாய் எடுத்துவந்து, ஒட்டகச் சேணத்துக்குள் வைத்து, அதன்மேலே இருந்துகொண்டாள். லாபான் தேடியும் கிடைக்கவில்லை. யாக்கோபுக்கும் அது தெரியாது. ஆக, பெத்தேலுக்குப் போகும் குடும்பத்தின் மூட்டைக்குள் களவெடுத்த பொருளும் இருந்திருக்கலாம். அதோடு பெத்தேலுக்குப் போக முடியாது.

பழைய வளவுக்குப் போகும் நம்முடைய மூட்டைக்குள் என்ன இருக்கிறது, வாசகர்களே?

சிலருடைய மூட்டைக்குள்ளே உறுதி இருக்கிறது. உறுதி வைத்திருப்பது பாவமல்ல. ஆகாபு அரசன் கேட்டபோதும் தன் முன்னோரின் திராட்சைத் தோட்டத்தை விட்டுக் கொடுக்க மறுத்த நாபோத்தை வேதாகமம் நீதிமானாகவே காட்டுகிறது. வலிகாமம் வடக்கில் இன்றும் விடுவிக்கப்படாத காணிகள் உள்ளன. அவற்றுக்காக மனுக் கொடுத்து, வெயிலிலே நின்று கேட்கின்ற மக்கள் நீதியைத்தான் கேட்கிறார்கள். 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள், 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தங்கள் படகுகளிலே தாங்களாகவே தீவுக்குப் போய்க் கால் பதித்தார்கள். அந்த உரிமைக் குரலைத் திருச்சபை ஒருநாளும் அடக்கச் சொல்லாது. ஆனால் அரசனிடம் நாபோத்தாக நிற்கிற நாம், அயலவனிடம் ஆகாபாக மாறிவிடலாகாது. முப்பது ஆண்டு காணியில்லாமல் இருந்த இருவர், கிடைத்த முதல் நாளிலே இரண்டு முழத்துக்கு மண்வெட்டி தூக்குவதென்றால், அங்கே ஓர் அந்நிய தெய்வம் நடுவீட்டில் இருக்கிறதென்றே பொருள்.

சிலருடைய மூட்டைக்குள்ளே சகோதரப் பகை இருக்கிறது. அப்பாவின் காணியைத் தங்கச்சிக்குச் சீதனமாக எழுதியதைப் பெரியவன் மன்னிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து காசனுப்பியவன் அதற்குக் கணக்குக் கேட்கிறான். ஊரில் இருந்து தாயைப் பார்த்த மகளோ, ஒருவரும் தன்னைக் கணக்கில் எடுக்கவில்லை என்று மனம் கசந்திருக்கிறாள். எல்லோரும் ஒரே வானில் ஏறிப் போகிறார்கள், ஒன்றாக நின்று படமும் எடுக்கிறார்கள். ஏசாவோடு ஒப்புரவாகாத யாக்கோபு பெத்தேலை அடைவதில்லை. ஆகவே வானுக்குச் சொல்லுமுன் தமையனுக்குச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேனா பொய் சொன்னதாகும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்திலிருந்த முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரிலிருந்தோருக்கு இரண்டு மணித்தியாலமே கொடுக்கப்பட்டது. அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் புதுவாழ்வு தொடங்கினார்கள். இன்று அவர்களும் நம்மைப் போலவே, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சோனகதெருவுக்கு வந்து, இடிந்த சுவரைக் காட்டி, “இதுதான் எங்கட வீடு” என்று சொல்கிறார்கள். நான்கு மாதங்களுக்கு முன்னரே வீடிழந்து அகதியாய் நின்ற நாம், அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று பயத்தினால் பேசாதிருந்திருக்கலாம். ஆனால் அந்த வீடுகளின் கதவும் நிலையும் ஓடும் எங்கே போயின என்று நம் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வோம்? மலிவாய்க் கிடைத்ததென்று வாங்கிய யன்னல் எவருடைய சுவரிலாவது இன்றும் இருக்குமானால், அது ராகேலின் சேணத்துக்குள் இருந்த சிலைதான். அதற்கு உரியவரைத் தேடிப் போய்க் கதவைத் தட்ட இன்னும் காலம் இருக்கிறது.

பிள்ளைகள் கேட்கும்போது

யோசுவாவின் காலத்திலே இஸ்ராயேல் மக்கள் யோர்தானைக் கடந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வந்து கில்காலில் நாட்டினார்கள். பின்னொரு நாள் பிள்ளைகள், இந்தக் கற்கள் என்ன என்று கேட்பார்கள், அப்போது சொல்லிக் கொடுங்கள் என்பதே அதன் நோக்கம். கல் பேசாது, பெற்றோர்தான் பேசவேண்டும்.

என் மருமகன் கேட்ட கேள்வியும் அதுதான். அவனுக்கு அன்று நான் சொல்லாத மறுமொழியை அம்மா சொன்னார். அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றுக்கட்டைத் தொடச் செய்து, அப்பா கீறிய சிலுவையின் மேல் அவனுடைய விரலை வைத்து, “இது உன்ரை அப்பப்பான்ரை விரல்” என்றார். பிள்ளை நெடுநேரம் விரலை எடுக்கவில்லை. வீடு என்றால் எவ்வளவு பெரியது, எத்தனை அறை என்று நாங்கள் அவனுக்குச் சொல்லியிருந்தோம். வீட்டுக்குள்ளே எப்படிச் செபமாலை சொன்னோம், ஆச்சி எந்த மூலையில் இருந்து மன்றாட்டுத் தொடங்குவா, அயலவர் வீட்டுக் கறிக் கிண்ணம் எப்படி வேலிக்கு மேலால் போய்வந்தது என்று சொல்லியிருக்கவில்லை. சுவர் விழுந்த பிறகு மிஞ்சுவது இவைதாம்.

அழுவதற்கும் வெட்கப்படவேண்டாம். யாக்கோபு பெத்தேலுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு மரணம் நிகழ்கிறது. தாய் ரெபேக்காவை வளர்த்த தாதி தெபோரா அங்கே இறக்கிறாள். அவளைக் கருவாலி மரத்தடியில் அடக்கம் செய்து, அதற்கு அழுகையின் மரம் என்று பெயரிடுகிறார்கள். இத்தனை அரும்பெரும் காட்சிகளுக்கு நடுவே, ஒரு கிழத் தாதியின் சாவை வேதாகமம் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறது! அதன் பிறகு வழியிலே ராகேலும் பிள்ளைப்பேற்றில் இறக்கிறாள். திரும்பி வருவதனால் இழந்ததெல்லாம் கிடைத்துவிடும் என்று இறைவன் வாக்களிக்கவில்லை. பெத்தேலிலே பலிபீடமும் இருந்தது, அழுகையின் மரமும் இருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

இந்த ஆண்டு போகிறவர்களுக்கு

ஆகவே, இந்த விடுமுறையில் பழைய வளவுக்குப் போகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள்.

போகும் முதல்நாள் இரவு குடும்பமாக முழந்தாளிட்டு ஒரு செபமாலை சொல்லுங்கள். பேசாமல் விட்ட உறவு எதுவானாலும் அன்றிரவே தொலைபேசி எடுங்கள். இயலுமானால் பங்குத்தந்தையிடம் போய் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றுக்கொள்ளுங்கள். யாக்கோபின் வீட்டார் உடை மாற்றியதும் இதற்கு நிகரான ஆயத்தந்தான்.

போனதும் உங்கள் எல்லைக்கல்லைத் தேடுமுன் உங்கள் அயலவரைத் தேடுங்கள். எல்லைச் சிக்கல் இருந்தால் அதை அன்றைக்கே, பிள்ளைகளின் முன்னால் தீர்க்க முயலவேண்டாம். பெரியவர்களையும் கிராம அலுவலரையும் வைத்து ஆறுதலாகப் பேசலாம். உங்கள் வீட்டில் வேறொரு அகதிக் குடும்பம் இருந்தால், படலையிலே நின்று கூப்பிட்டு, அவர்கள் அழைத்த பின் உள்ளே போங்கள். உங்களுக்கு அது நினைவு, அவர்களுக்கு அது இன்றிரவு படுக்கிற இடம்.

சேமக்காலைக்கும் போங்கள். கல்லறை உடைந்து பெயர் அழிந்திருந்தாலும் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். உங்கள் பழைய கோவில் கூரையின்றி நின்றாலும் அதற்குள்ளே நின்று ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை அதை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சொன்னாலும் ஆண்டவர் விளங்கிக்கொள்வார்.

கடைசியாக, நன்றி செலுத்தாமல் திரும்பவேண்டாம். யாக்கோபை இறைவன் பெத்தேலுக்கு அனுப்பியது வீடு கட்டுவதற்காக அல்ல, பலிபீடம் கட்டுவதற்காக. நீங்கள் அங்கே மீண்டும் வீடு கட்டலாம், கட்டாமலும் விடலாம். அம்மாவின் விருப்பப்படி நாங்கள் கட்டவில்லை. கிணற்றை மாத்திரம் இறைத்துத் தூர்வாரிக் கட்டினோம். கூலியில் பாதியை அயல்வீட்டார் கொடுத்தார்கள். சிலுவை கீறிய பழைய கட்டின் துண்டை உடைக்காமல் புதிய கட்டுக்குள் வைத்துப் பூசினார் மேசன். இப்பொழுது அந்தக் கிணற்றில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அள்ளிக் குளிக்கிறார்கள்.

ஓடிய நாளிலும் எங்களோடு ஓடி, திரும்பிய நாளிலும் எங்களோடு திரும்பிய ஆண்டவரே, பழைய வளவுகளைத் தேடிப் போகும் எங்கள் குடும்பங்களுக்கு வழித்துணையாயிரும். எங்கள் மூட்டைகளுக்குள் நாங்கள் மறைத்து வைத்திருப்பதை உமது மரத்தடியில் புதைக்கும் துணிவைத் தாரும். இன்னும் தங்கள் வாசலை மிதிக்க முடியாதிருப்போர் எந்தச் சமயத்தவராயினும், அவர்களுக்கு வழியைத் திறந்தருளும். எங்களுக்கு முன் உமது வீட்டை அடைந்துவிட்ட எங்கள் தாய் தந்தையருக்கு நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும். ஆமென்.